தண்ணீர் சுமந்தவரின் மஞ்சள் சட்டை

விடியற்காலையில் ஊர் கண் விழிக்கும் முன்பே தாராவியின் சந்துகளில் இட்லி வெந்துவிடுகிறது. அலுமினியப் பாத்திரத்தைக் கேரியரில் இறுக்கிக் கட்டி, சட்னி வாளி ஹாண்டில்பாரில் ஆட, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி தமிழ் இளைஞர்கள் சைக்கிளில் கிளம்புகிறார்கள். மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று ஆளுக்கொரு திசை. பாத்திரம் காலியான பிறகுதான் திரும்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறக்குறைய அதே நேரத்தில் தாணேயின் கோட்பந்தர் சாலையில் இன்னொரு ரகச் சைக்கிள்கள் ஓடும். ஒரு கையால் தூக்கிவிடலாம். விலை லட்சத்தைத் தாண்டும். ஓட்டுபவர்கள் தலைக்கவசமும் உடலை ஒட்டிய வண்ணச் சட்டையும் அணிந்தவர்கள். ஏதோ ஓர் ஐரோப்பிய வங்கியின் அல்லது தொலைபேசி நிறுவனத்தின் பெயர் பலருடைய முதுகில் இருக்கும். அந்த நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தாங்கள் ரசிக்கும் பந்தய அணியின் சட்டை அது.

முதல் கூட்டத்துக்குச் சைக்கிள் சோறு போடுகிறது. இரண்டாவது கூட்டத்துக்கு அது உடற்பயிற்சி, கொஞ்சம் பெருமை. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு வாழ்க்கை உண்டு. ஐரோப்பியத் தொழில்முறைச் சைக்கிள் பந்தயக்காரரின் வாழ்க்கை. அங்கேயும் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் அவர்களுக்குத் 'தண்ணீர் சுமப்பவர்கள்' என்றே பெயர். 1973 இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தைப் பற்றி டேனிஷ் இயக்குநர் யோர்கன் லெத் எடுத்து 1974இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆவணப் படத்தின் தலைப்பிலேயே நட்சத்திரங்களுடன் தண்ணீர் சுமப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு முதலில் புரியாத விஷயம், இது ஒரு குழு ஆட்டம் என்பதுதான். பரிசு மேடையில் ஒருவர்தான் ஏறுகிறார். ஆனால் அவரை மேடை வரை கொண்டு வருவது மற்றவர்கள். காரணம் காற்று. சமதளத்தில் வேகமாகச் செல்லும்போது ஓட்டுபவரின் உழைப்பில் பெரும் பகுதி காற்றைப் பிளப்பதற்கே போகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். ஆகவே தலைவனுக்கு முன்னால் மணிக்கணக்கில் காற்றைத் தாங்கிச் செல்லச் சிலர் வேண்டும். பின்னால் வரும் அணிக் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மீண்டும் முன்னேறி வந்து விநியோகிக்கச் சிலர் வேண்டும். தலைவனின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலை ஓரத்தில் நிற்க ஒருவர் வேண்டும். இதற்குச் சம்பளம் உண்டு. பெயர் கிடையாது.

பியார்னே ரீஸ் பல ஆண்டுகள் அப்படிச் சுமந்தவர். பிறகு உலகின் மிகப் பெரிய பந்தயத்தை வென்றார். பிறகு ஓர் அணியின் முதலாளியும் மேலாளருமானார். பிறகு, தான் வென்ற விதம் மோசடி என்று அவரே சொன்னார். சொன்ன பின்னும் மேலாளராகவே நீடித்தார். அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் சிக்கல் இருக்கிறது.

1964 ஏப்ரல் 3ஆம் தேதி டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் பிறந்தவர் ரீஸ். டென்மார்க் தட்டையான நாடு. மலை என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சைக்கிள் ஓட்டாத மனிதரும் அநேகமாக இல்லை. ஆனாலும் தொழில்முறைப் பந்தயத்தில் பிழைக்க வேண்டுமானால் தெற்கே போக வேண்டும். இருபது வயதில் லக்ஸம்பர்க் சென்று ஓர் அமெச்சூர் கழகத்தில் சேர்ந்தார். 1986இல் பெல்ஜியத்தின் சிறிய அணி ஒன்றில் தொழில்முறை வீரரானார். முதல் சில ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. வேலையே போய்விடும் என்ற நிலையில், பிரெஞ்சு நட்சத்திரம் லோராங் ஃபின்யோன் அவரைக் கவனித்தார். உயரமான, வாய் பேசாத, காற்றை நெடுநேரம் தாங்கும் ஆள். தனக்கு முன்னால் செல்ல இவரைப்போல ஒருவர் வேண்டும் என்று தன் அணிக்கு அழைத்துக்கொண்டார்.

1989இல் ஃபின்யோன் இத்தாலியச் சுற்றை வென்றார். ரீஸும் அதில் ஒரு நாள் கட்டத்தை வென்றார். அதே ஜூலையில் ஃபின்யோன் டூர் தெ பிரான்ஸை அமெரிக்கர் கிரெக் லெமாண்டிடம் 8 விநாடி வித்தியாசத்தில் இழந்தார். மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், கடைசியில் 8 விநாடி. அந்தப் பந்தயத்தில் ரீஸ் முடித்த இடம் 95.

அந்த அணியின் மேலாளர் சிரில் கிமார். அவரும் முன்னாள் பந்தயக்காரர். 1972 டூர் பந்தயத்தில் எடி மெர்க்ஸை விரட்டிக்கொண்டு போய், முழங்கால் வலி தாங்காமல் இறுதிக் கட்டத்தில் விலகியவர். பிறகு அணிக் காரில் ஏறி அமர்ந்து, ஏழு முறை டூர் பட்டத்தை வென்று காட்டினார். வான் இம்ப ஒரு முறை, பெர்னார் ஈனோ நான்கு முறை, ஃபின்யோன் இரண்டு முறை. பந்தயத்தைக் காலால் மட்டுமல்லாமல் காகிதத்திலும் ஓட்டலாம் என்று காட்டியவர் அவர். எப்போது தாக்குவது, எப்போது பதுங்குவது, எதிராளியின் முகத்தைப் பார்த்து அவனிடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எப்படிக் கணிப்பது என்பதையெல்லாம் தண்ணீர் பாட்டில் சுமந்த ரீஸ் அருகிலிருந்து பார்த்தார்.

பிறகு இத்தாலிய அணிகளுக்குப் போனார். 1993இல் டூர் பந்தயத்தில் ஐந்தாம் இடம். 1995இல் மூன்றாம் இடம். 95ஆம் இடத்தில் முடித்த மனிதர், முப்பது வயதை நெருங்கும்போது திடீரென்று முன்வரிசைக்கு வந்துவிட்டார். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். கேள்வி கேட்டவர்கள் குறைவு.

1996இல் ஜெர்மனியின் டெலிகாம் அணியின் தலைவராகக் களமிறங்கினார் ரீஸ். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து டூர் பட்டத்தை வைத்திருந்த ஸ்பெயினின் மிகுவேல் இந்துராயின் ஆறாவதற்கு வந்திருந்தார். ஆல்ப்ஸ் மலையில் பனி பொழிந்ததால் ஒரு கட்டத்தை 46 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதை வென்று மஞ்சள் சட்டையை அணிந்தார் ரீஸ். ஒட்டுமொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கு உரியது அந்தச் சட்டை.

ஜூலை 16. பிரனீஸ் மலைத்தொடரில் ஓட்டாகாம் ஏற்றம். முன்னணி வீரர்கள் ஒரே கொத்தாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ரீஸ் வேகத்தைக் கூட்டுகிறார். பிறகு வேண்டுமென்றே குறைக்கிறார். வரிசையில் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நழுவி, பக்கவாட்டில் திரும்பி எதிரிகளின் முகங்களைப் பார்க்கிறார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. பார்த்து முடித்ததும் மீண்டும் முன்னே வந்து, தனியாகப் பறந்துவிடுகிறார். இந்துராயின் அன்று ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கினார். மறுநாள் பந்தயம் இந்துராயினின் சொந்தக் கிராமம் வழியாகப் பாம்ப்லோனா நகருக்குப் போனது. ஊரே திரண்டு சாலையில் நின்றது. அவரோ எட்டு நிமிடங்களுக்கும் மேல் தாமதமாக வந்தார். ஒரு ராஜ்யம் முடிந்தது.

டூர் தெ பிரான்ஸை வென்ற முதல் டேனிஷ்காரர் ரீஸ். நாடு கொண்டாடித் தீர்த்தது. அடுத்த ஆண்டு அவருடைய அணியிலேயே யான் உல்ரிக் என்ற இளைஞர் அவரை மிஞ்சினார். தலைவன் மீண்டும் உதவியாளனானார். 1997 பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய நாள், தனிநபர் நேர ஓட்டத்தில் சைக்கிள் மக்கர் செய்ய, விலையுயர்ந்த அந்த வண்டியைத் தூக்கிப் புல்வெளியில் வீசினார். தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. 1999இல் சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில் விழுந்து அடிபட்டார். ஓட்டும் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

பந்தயக்காரருக்கு முப்பத்தைந்து வயதில் அடுத்த வேலை என்ன என்பது எல்லா நாட்டிலும் உள்ள கேள்வி. நம் நாட்டில் தேசியப் போட்டிகளில் ரயில்வே அணியும் ராணுவ அணியும்தான் பெயர் போனவை. மும்பை - புனே பந்தயத்தில் போர் காட் மலை ஏற்றத்தை முதலில் கடந்து 'காட் ராஜா' என்று பெயர் வாங்குகிற இளைஞரின் கனவு பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு ரயில்வே வேலை. அது கிடைத்துவிட்டால் ஓய்வு பெறும் வரை கவலையில்லை. ஐரோப்பாவில் அந்த ஏற்பாடு இல்லை. கால் ஓய்ந்ததும் சம்பளம் நின்றுவிடும். சிலர் சைக்கிள் கடை வைப்பார்கள். சிலர் வர்ணனையாளர் ஆவார்கள். மிகச் சிலருக்கு அணிக் காரின் முன்னிருக்கை கிடைக்கும்.

ரீஸ் முன்னிருக்கையோடு நிற்கவில்லை. காரையே வாங்கினார். தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சிறிய டேனிஷ் அணியை 2000இல் கையகப்படுத்தினார். அடுத்த ஆண்டே சிஎஸ்சி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் சேவை நிறுவனம் புரவலராக வந்தது.

சைக்கிள் அணியின் பொருளாதாரம் விசித்திரமானது. கிரிக்கெட்டுக்கு மைதானம் உண்டு, டிக்கெட் உண்டு. சாலைப் பந்தயத்தில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். தொலைக்காட்சிப் பணம் பந்தயத்தை நடத்துகிறவருக்குப் போகிறது. அணிக்குப் புரவலரின் பணம் ஒன்றுதான் வருமானம். அதனால்தான் அணியின் பெயரே புரவலரின் பெயராக இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் பெயர் மாறும், சட்டை மாறும். புதிய புரவலர் கிடைக்காவிட்டால் வீரர்கள், மெக்கானிக்குகள், உடல் பிடித்துவிடுபவர்கள், பஸ் டிரைவர் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புரவலருக்கு வேண்டியது வெற்றி, அதுவும் ஜூலை மாதத்தில். மேலாளரின் தலைக்கு மேல் எப்போதும் தொங்கும் கத்தி இது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கத்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலாளராக ரீஸ் கெட்டிக்காரர். யாருக்கும் இதில் சந்தேகமில்லை. குளிர்காலத்தில் வீரர்களை ஒரு முன்னாள் அதிரடிப் படை வீரரிடம் ஒப்படைத்தார். தூக்கமில்லாமல் காட்டில் நடப்பது, குளிர்ந்த நீரில் இறங்குவது, ஒருவரை ஒருவர் தூக்கிச் செல்வது என்று பயிற்சி. கோடிக் கணக்கில் சம்பளம் வாங்கும் நட்சத்திரமும் தண்ணீர் சுமப்பவரும் ஒரே சேற்றில் புரண்டார்கள். தான் சுமந்த காலத்தை அவர் மறக்கவில்லை. வயதாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்ட பிரெஞ்சு வீரர் லோராங் ஜலாபேர் இவரிடம் வந்து, 2001, 2002 இரண்டு ஆண்டும் டூரில் சிறந்த மலையேற்றக்காரருக்கான புள்ளிச் சட்டையை வென்றார். அமெரிக்கர் டைலர் ஹாமில்டன் 2003 டூரின் முதல் கட்டத்திலேயே விழுந்து காரை எலும்பில் விரிசலுடன் மூன்று வாரம் ஓட்டி, ஒரு கட்டத்தை வென்று, நான்காவதாக முடித்தார். அடுத்த ஆண்டின் டூரில் இந்த அணியைப் பின்தொடர்ந்து ஓர் ஆவணப் படமே எடுத்தார்கள். சில ஆண்டுகளில் உலகின் மிகச் சிறந்த அணி என்று மதிப்பிடப்படும் நிலைக்கு வந்தது அந்தச் சிறிய டேனிஷ் அணி.

2006 மே மாதம் அணியின் தலைவர் இவான் பாஸோ இத்தாலியச் சுற்றை ஒன்பது நிமிடங்களுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். ஜூன் கடைசியில், டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஸ்பெயின் போலீஸ் விசாரித்த ரத்தப் பை விவகாரத்தில் அவர் பெயர் வந்தது. ரீஸ் அவரை வீட்டுக்கு அனுப்பினார். பிற்பாடு பாஸோவுக்குத் தடை விதிக்கப்பட்டது. அணியின் பெயரைக் காப்பாற்ற, வெளியிலிருந்து ஒரு மருத்துவ நிபுணரை வைத்து வீரர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார் மேலாளர். பிற அணிகள் பார்த்துக் கற்க வேண்டிய ஏற்பாடு என்று பாராட்டுக் கிடைத்தது. பாராட்டப்பட்டவரின் சொந்த ரத்தத்தைப் பற்றிய கேள்விதான் பாக்கி இருந்தது.

எரித்ரோபொய்ட்டின், சுருக்கமாக இபிஓ. சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணுக்கள் உண்டாக்கும்படி தூண்டுவது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இது சுரக்காது. ரத்தச் சோகை வரும். 1980களில் இதைச் செயற்கையாகத் தயாரிக்க வழி பிறந்தது. மும்பையிலோ மதுரையிலோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளியின் குடும்பத்துக்கு இந்த ஊசி தெரிந்திருக்கும். அதன் விலையும் தெரிந்திருக்கும். அவர்களுக்கு அது படியேறும் தெம்பு. ஆரோக்கியமான பந்தயக்காரர் அதைப் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் சிவப்பணு கூடி, தசைகளுக்கு அதிக ஆக்ஸிஜன் போகும். மலையில் மூச்சு வாங்காது. கூடவே ரத்தம் கெட்டியாகி, இதயம் நின்றுபோகும் அபாயமும் உண்டு.

1990களின் பெரும் பகுதியில் இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே இல்லை. ஆண்களின் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு சாதாரணமாக நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை இருக்கும். 1997இல் ஐம்பதைத் தாண்டினால் ஓட்டக் கூடாது என்று சர்வதேசக் கூட்டமைப்பு வரம்பு வைத்தது. அதாவது, திருடலாம், இவ்வளவுக்கு மேல் திருடக் கூடாது. ரீஸுக்குச் சக வீரர்களிடையே ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'மிஸ்டர் அறுபது சதவீதம்'. விளக்கம் தேவையில்லை. 1998 டூரின்போது ஓர் அணியின் உதவியாளர் கார் நிறைய ஊக்க மருந்துடன் எல்லையில் பிடிபட்டபோதுதான் வெளியுலகம் விழித்தது.

2007 வசந்தத்தில் டெலிகாம் அணியின் முன்னாள் உதவியாளர் ஒருவர் புத்தகம் எழுதினார். அந்த அணியின் பழைய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள். மே 25ஆம் தேதி கோபன்ஹேகன் அருகே பத்திரிகையாளர்களைக் கூட்டினார் ரீஸ். 1993 முதல் 1998 வரை இபிஓ எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். 1996 வெற்றியும் அதில் அடக்கம். அந்த வெற்றிக்குத் தான் தகுதியானவர் அல்ல என்றார். மஞ்சள் சட்டை வீட்டில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்.

யாரும் எடுக்க வரவில்லை. வந்தாலும் யாரிடம் கொடுப்பது? இரண்டாவதாக வந்தவர் உல்ரிக், அதே அணி. பல ஆண்டுகள் கழித்து அவரும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதாக வந்த பிரெஞ்சுக்காரர் விராங்க், 1998 விவகாரத்தில் சிக்கி, 2000இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர். நடவடிக்கை எடுப்பதற்கான எட்டு ஆண்டுக் காலக்கெடுவும் தாண்டிவிட்டது. டூர் அமைப்பாளர்கள் 2007இல் வெற்றியாளர் பட்டியலிலிருந்து ரீஸின் பெயரை நீக்கினார்கள். 2008இல் ஓர் அடிக்குறிப்புடன் திரும்பச் சேர்த்தார்கள். சரித்திரத்தில் வெற்றிடம் விடுவதைவிடக் கறையோடு வைத்திருப்பது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும்.

மேலாளர் பதவி? அது அப்படியே இருந்தது. 2007 டூருக்கு அவர் போகவில்லை. 2008இல் போனார். அந்த ஜூலையில் ஆல்ப் துவேஸ் மலை ஏற்றத்தின் அடியிலேயே அவர் அணியின் கார்லோஸ் சாஸ்த்ரே பாய்ந்தார். மஞ்சள் சட்டை அதே அணியின் இன்னொருவரிடம் இருந்தது. எதிரிகள் யாரைத் துரத்துவது என்று திகைத்து நிற்க, சாஸ்த்ரே பந்தயத்தையே வென்றுவிட்டார். திட்டம் போட்டு வென்ற வெற்றி. ஓட்டாகாம் மலையில் முகங்களைப் படித்த அதே மூளை காரில் உட்கார்ந்து படித்தது. சாஸ்த்ரேயின் பெயரில் இன்று வரை எந்தக் கறையும் இல்லை. ரீஸின் வாழ்க்கையில் சுத்தமாக எடுத்துக்காட்டக்கூடிய மஞ்சள் சட்டை, அவர் அணியாத இதுதான்.

அதன் பிறகு இறங்குமுகம். 2010 முடிவில் நட்சத்திர வீரர்கள் பலர் புதிதாகத் தொடங்கிய லக்ஸம்பர்க் அணிக்குத் தாவினார்கள். ரீஸ் ஸ்பெயினின் ஆல்பெர்ட்டோ கோன்டாடோரைக் கொண்டுவந்தார். அவரோ வரும்போதே ஊக்க மருந்துப் பரிசோதனை வழக்குடன் வந்தார். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு எதிராக அமைந்து, 2010 டூர் பட்டத்தை இழந்தார். அதே 2012இல் ஹாமில்டனின் புத்தகம் வெளிவந்தது. ரத்தப் பை மருத்துவரைத் தனக்கு அறிமுகப்படுத்தியது ரீஸ்தான் என்றது அது. 2013 டிசம்பரில் ரஷ்யத் தொழிலதிபர் ஒலெக் டிங்கோவிடம் அணியை விற்றார் ரீஸ். சம்பளத்துக்கு மேலாளராக நீடித்தார். 2015 மார்ச்சில் முதலாளிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் வெளியேற்றப்பட்டார்.

அதே ஆண்டு ஜூனில் டென்மார்க்கின் ஊக்க மருந்து எதிர்ப்பு நிறுவனம் நீண்ட விசாரணையின் அறிக்கையை வெளியிட்டது. மேலாளராக இருந்தபோது அணியில் சிலர் ஊக்க மருந்து எடுத்துக்கொள்வதை ரீஸ் அறிந்திருந்தார், தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. காலக்கெடு கடந்துவிட்டதால் தண்டனை இல்லை.

இந்த அறிக்கைதான் கதையின் மையம். 2007 ஒப்புதலை ஒரு மனிதரின் பழைய பாவம் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் செய்த காலத்தில் அவரும் செய்தார், பிறகு மனம் திறந்தார், மன்னிக்கலாம் என்று வாதாட இடமுண்டு. மேலாளராக இருந்து பார்த்தும் பாராமல் இருந்தது வேறு கணக்கு. பந்தயக்காரர் ஏமாற்றும்போது தன் உடலைப் பணயம் வைக்கிறார். மேலாளர் கண்ணை மூடிக்கொள்ளும்போது பணயம் வைக்கப்படுவது இருபத்திரண்டு வயதுப் பையனின் உடல். அவன் தண்ணீர் சுமக்க வந்தவன். வரும் ஆண்டுக்கு ஒப்பந்தம் கிடைக்குமா என்று பயந்துகொண்டிருப்பவன். வாய் திறந்து ஊசி போடு என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று சொன்னால் போதும். அந்தப் பயத்தின் ருசி ரீஸுக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் அதே நிலையில் இருந்தவர்.

அவரை அரக்கனாக்குவதும் எளிதான வேலைதான். டூர் பட்டத்தை வென்றவர்களில் தானாக முன்வந்து மேடை போட்டு ஒப்புக்கொண்டவர்கள் அரிது. அந்த ஒப்புதலுக்குப் பிறகு சாஸ்த்ரே போன்றவர்களை வைத்து வென்றதும் உண்மை. 2016இல் மீண்டும் ஒரு சிறிய டேனிஷ் அணியில் தொடங்கினார். பெண்கள் அணி ஒன்றையும் நடத்தினார். 2019இல் பெல்ஜியத்தின் பெருமைமிக்க ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் பெண்கள் பிரிவை வென்ற மார்த்தா பஸ்தியனெல்லி அந்த அணிக்காரர். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் பணம் தட்டுப்பட்டு அந்த ஆண்டு முடிவில் அணி மூடப்பட்டது. 2020இல் தென்னாப்பிரிக்க வேர் கொண்ட ஓர் அணிக்கு மேலாளரானார். புரவலர் விலகிக்கொள்ள, அந்த வருஷத்தோடு அதுவும் முடிந்தது. கத்தி தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதையெல்லாம் இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. உலக ஊக்க மருந்து எதிர்ப்பு அமைப்பின் 2023 கணக்குப்படி இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213 தேறவில்லை. அதாவது 3.8 சதவீதம். பெரிய அளவில் பரிசோதனை நடத்தும் நாடுகளில் மிக அதிக விகிதம் இது. பிடிபடும் பெயர்கள் பெரும்பாலும் நாம் கேள்விப்படாதவை. கிராமத்திலிருந்து வந்த ஓட்டக்காரர், பளு தூக்குபவர், மல்யுத்தக்காரர். ஒரு பதக்கம், அதன் மூலம் ஒரு சர்க்கார் வேலை என்று கணக்குப் போட்டவர்கள். தடை விதிக்கப்படுவது அநேகமாக அவர்களுக்குத்தான். ஊசியை வாங்கிக் கொடுத்தவரும், தெரிந்தும் தெரியாததுபோல ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றவரும் அடுத்த பையனைத் தேடிப் போய்விடுகிறார்கள். அந்த ஸ்டாப்வாட்ச்காரர்களும் ஒரு காலத்தில் ஓடியவர்களே.

ஓடியவரே பயிற்சியாளராக வருவதில் பெரிய நன்மை இருக்கிறது. வலி எது, நடிப்பு எது என்று அவருக்குத் தெரியும். ஆபத்தும் அதே இடத்தில் இருக்கிறது. தான் நடந்த குறுக்குப் பாதையும் அவருக்குத் தெரியும். அந்தப் பாதையை அடைக்கிறாரா, அல்லது பையன் அதில் நுழையும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்பதைப் பதக்கப் பட்டியல் காட்டாது. அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். டேனிஷ் விசாரணை முடிவதற்குள் காலக்கெடு கடந்துபோனது. இங்கே மேலாளர்களையும் பயிற்சியாளர்களையும் அந்த அளவுக்குத் துருவிய விசாரணைகளே அபூர்வம்.

ரீஸுக்குப் பிறகு டூர் தெ பிரான்ஸை வெல்ல டென்மார்க் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது. 2022 டூர் பந்தயம் கோபன்ஹேகனிலேயே தொடங்கியது. ஹான்ஸ்ட்ஹோம் துறைமுகத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்து வளர்ந்த யோனாஸ் விங்கெகோர் என்ற மெலிந்த இளைஞர் மஞ்சள் சட்டையில் இருந்தார். ஜூலை 21ஆம் தேதி பிரனீஸ் மலையில் கடைசி ஏற்றம். எதிராளியை உதறிவிட்டுத் தனியாக உச்சிக்கு வந்து பந்தயத்தை உறுதி செய்தார். அந்த மலையின் பெயர் ஓட்டாகாம்.

டேனிஷ்காரர்கள் கொண்டாடினார்கள். கூடவே, 1996ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய கேள்வியும் எழாமல் இருந்திருக்காது. இவ்வளவு வேகம் சாத்தியமா என்ற கேள்வியை, அந்த மலையில் யார் வென்றாலும் எதிர்கொண்டே ஆக வேண்டியிருக்கிறது. விங்கெகோர் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். தான் எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்றார். அவர் செய்யாத ஒன்றுக்காக அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அட்டைப் பெட்டியில் கிடக்கும் அந்த மஞ்சள் சட்டைக்கு உண்மையான விலை கொடுப்பவர்கள், அதற்குப் பின்னால் வந்தவர்கள்தான்.